பெட்டிக்குள் போன தொட்டில் சேலை

பல்கலைக்கழகத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு முப்பது வருடமாக நான் சொன்ன பதில் ஒன்றுதான்: துணி மடிக்கிறேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏ லெவல் வரைக்கும் படிச்சது துணி மடிக்கவா?" என்று எங்கள் தோட்டத்து லயத்தில் வீட்டு வீட்டுக்குச் சொல்லிக் கேட்டுவிட்டார். ரப்பர் தோட்டத்தில் துணி மடிக்க யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே எல்லாம் கம்ப்யூட்டர்மயம். ஒரு ஜாக்கெட்டின் நம்பரைத் தட்டினால் அது திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டுமாம், பெட்டியைத் திறக்கவே வேண்டாமாம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் போன் போட்டு, பரமேஸ் அக்கா, நீங்கள் இருந்த காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். என்ன எழுத என்று கேட்டேன். தோன்றியதை எழுதச் சொன்னார்கள். தோன்றியதை எல்லாம் எழுதினால் பாதிப் பேருக்குக் கோபம் வரும், ஆகையால் கொஞ்சமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இடம். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். பழைய உடைகளைச் சேர்த்து வைத்து, உடைக்கலை படிக்கும் மாணவர்களும் வரலாறு படிக்கும் மாணவர்களும் வந்து பார்க்கவும் அளக்கவும் வரையவும் விடுவார்கள். வளவு என்று சொல்லும் சிங்களப் பெரிய வீட்டு அம்மாமாரின் கண்டிச் சேலைகள், லேஸ் வைத்த ஜாக்கெட்டுகள், பொத்தான் மினுங்கும் கோட்டுகள், தோட்டத்துத் துரைமாரின் மனைவிகள் விட்டுப் போன கவுன்கள். கண்ணைப் பறிக்கும். முதல் நாள் பார்த்தபோது, இதில் ஒன்றையாவது ஒரு தடவை போட்டுப் பார்க்க விடுவார்களா என்றுதான் நினைத்தேன். விடமாட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் விடவில்லை.

பயிற்சி மூன்று மாதம். அதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தலையில் பூ வைக்கக்கூடாது, பூவோடு பூச்சி வரும். வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். கையை முழங்கை வரை கழுவ வேண்டும். பேனா உள்ளே வரக்கூடாது, பென்சில் மட்டும். எதையும் தொங்கவிடக்கூடாது, தோள் இழுபட்டுக் கிழியும். சேலையை மடிக்காமல் குழாயில் சுற்ற வேண்டும், மடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் மடிப்பை வேறு இடத்தில் போட வேண்டும். ஒரே இடத்தில் மடித்தால் அந்த இடத்தில் துணி ஒடிந்துபோகும். ஆக, துணி மடிக்கிறேன் என்று நான் சொன்னதுகூட முழு உண்மையில்லை.

புதிதாக வரும் உடை எதுவும் நேரே அறைக்குள் போகாது. பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, பெரிய பிரீசரில் இரண்டு வாரம் வைப்போம். உள்ளே இருக்கும் பூச்சியும் முட்டையும் செத்துப்போகும். அந்தப் பிரீசரைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு மாணவர், இங்கே ஐஸ் பழம் விற்கிறீர்களா என்று கேட்டார். பிறகு வெளியே எடுத்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டு, மேலே மெல்லிய வலை விரித்து, அதன் மேல் குறைந்த வேகத்தில் தூசு உறிஞ்சுவோம். நம்பரை எழுதி ஒட்டமாட்டோம், சின்ன நாடாவில் எழுதி உள்பக்கமாக ரெண்டே தையலில் தைப்போம். இரத்தினபுரி மாவட்ட மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரம் உறிஞ்சும் மெஷினின் வாளி தினமும் நிரம்பும். கரண்ட் போன நாட்களில் நாங்கள் எல்லாரும் பஞ்சு மாதிரி ஊறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், எங்களுக்காக யாரும் கவலைப்படமாட்டார்கள்.

இனி சந்திரலதா மேடம். அந்தச் சேகரிப்புக்கு அவர்தான் பொறுப்பு. மெலிந்த ஆள், காதில் பென்சில், காலில் ரப்பர் செருப்பு, அதையும் வாசலில் கழற்றிவிட்டு வருவார். வாசனை எதுவும் பூசமாட்டார், நகம் வளர்க்கமாட்டார், குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. சிங்களத்தில்தான் பேசுவார், எங்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் பிரச்சினையில்லை. உடைகளை 'இது' என்று சொல்லவே மாட்டார், 'அவர்' என்பார். அவருக்கு முதுகு வலிக்கும், அட்டையை மாற்றுங்கள் என்பார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று முதல் வாரத்தில் நான் பயந்துவிட்டேன், அவர் சொன்னது பொத்தான் வைத்த ஒரு கோட்டைப் பற்றி.

எந்த உடையையும் தொடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அதன் முன்னால் நிற்க வைப்பார். கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். நான் ஒரு தடவை 'பணக்காரப் பெண்ணின் ஜாக்கெட்' என்று எழுதினேன். பணத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். லேஸில் என்றேன். அப்படியானால் லேஸ் என்று எழுதுங்கள், பணம் நீங்களாக நினைத்தது என்றார். அந்தக் காகிதத்தை மூன்று தடவை திருப்பி எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். இன்னும் நிரந்தரமாகவில்லை. பழைய வீட்டுக் குடும்பம் ஒன்று வெள்ளை ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்திருந்தது. நூறு வயதுக்கு மேல் இருக்கும். பிரீசர், தூசு எல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்தது. அன்று காலையில் கோயிலில் கொடுத்த மஞ்சள் பொட்டலம் என் கைப்பையில் இருந்தது. என்ன நினைத்தேனோ, ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் நிஜம், விரலில் மஞ்சளைத் தொட்டு ஜாக்கெட்டின் உள் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் எந்தப் புதுத்துணிக்கும் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்களில் யாரும் உடுத்தமாட்டோம். கை பழக்கப்பட்டது, தானாகப் போய்விட்டது.

மேடம் மத்தியானம் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வேலை போச்சு என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கு வைத்தீர்கள் என்றார். புதுத்துணிக்கு வைப்போம் மேடம் என்றேன். இவருக்கு நூறு வயது என்றார். நமக்குப் புதுசுதானே மேடம் என்று வாய் சொல்லிவிட்டது. அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சோப்புப் போட்டால் மஞ்சள் சிவப்பாக மாறிவிடும், சும்மா விட்டால் தானே மங்கும், தொடவேண்டாம் என்றார். வேலையும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாருடைய கைப்பையும் அறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது, எல்லாரும் பல மாதம் என்னைத் திட்டினார்கள்.

அது சின்னத் தப்பு. பெரிய தப்பை நான் செய்தது பதினைந்து வருடம் அனுபவம் வந்த பிறகு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கெட்டதும் அப்படித்தான்.

ஒரு நாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தோட்டம் தெரியும், நம்மிடம் துரையின் மனைவி கவுன் இருக்கிறது, ரப்பர் பால் வெட்டின பெண்ணின் ஒரு துணி கூட இல்லை, ஏன் என்று கேட்டார். அத்தனை வருடம் அந்த அறைகளில் நடந்தும் இதை நான் கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் போய்க் கேட்டு வாங்கி வருவது என் வேலை என்று முடிவானது.

போன பிறகுதான் தெரிந்தது, வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. தோட்டத்தில் பழந்துணி என்று எதுவும் மிஞ்சாது. சேலை நைந்தால் ரெண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி போர்வைக்குள் போகும், ஒரு பாதி பிள்ளைக்குத் தொட்டில். தொட்டில் கிழிந்தால் பிள்ளைக்கு இடுப்புத்துணி, அதுவும் கிழிந்தால் அடுப்பில் சட்டி பிடிக்க, கடைசியில் தரை துடைக்க. செத்த பிறகும் அஞ்சாறு வேலை பார்த்துவிட்டுத்தான் ஒரு துணி ஓயும். கேகாலைப் பக்கமும் இரத்தினபுரிப் பக்கமும் லயம் லயமாக ஏறி இறங்கினேன், அட்டை கடித்ததுதான் மிச்சம்.

கலவானைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் செல்வி கிடைத்தாள். பால் வெட்டுகிற பெண், அப்போது முப்பத்தேழு வயதிருக்கும், மகனும் மகளும் வளர்ந்துவிட்டார்கள். அவளுடைய மாமியார் கல்யாணத்துக்குக் கட்டிய சேலை ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. செங்கல் நிறத்தில் பருத்தி, மஞ்சள் கரை. இராமேஸ்வரத்துக் கப்பல் ஓடிய காலத்தில் இந்தியாவில் ஊருக்குப் போனவர்கள் கொண்டு வந்தது. அதைக் கிழிக்காமல் முழுசாகவே தொட்டில் கட்டிவிட்டார்கள். செல்வியின் புருஷன் அதில் படுத்தவர், அவருடைய தம்பிமார் படுத்தார்கள், பிறகு செல்வியின் ரெண்டு பிள்ளைகளும். பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டோம், பழகின துணியில்தான் போடுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூட அதைக் கேட்டு வாங்கிப் போவார்களாம்.

"எங்க வீட்டுல கடைய மூடியாச்சுக்கா, இனி எதுக்கு இது?" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாள்.

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நாலு வரி. கொடுப்பவர் முழு மனதுடன் கொடுக்கிறார், உரிமை இனிப் பல்கலைக்கழகத்துக்கு, பார்க்க வரலாம், எந்தக் காரணத்துக்காகவும் உபயோகிக்க வெளியே எடுக்க முடியாது. செல்வி பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சேலையைப் பார்த்தாள். எங்கே கையை இழுத்துக்கொள்வாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது சொன்னேன்:

"இது ஒங்க வீட்டுச் சாமான்தான் செல்வி. தேவைன்னா ஒரு வார்த்த சொல்லு, வந்து எடுத்துக்கலாம்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு மரியாதைப் பேச்சு. அடுத்த வீட்டில் உரல் இரவல் வாங்கினாலும் இப்படித்தான் சொல்வோம், கொடுத்தவரும் அதே மாதிரி 'அதுக்கென்ன' என்பார். முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டு வாங்கவும் தெரியாது, இல்லையென்று சொல்லவும் வராது, நடுவில் இப்படி ஒரு பேச்சைப் போட்டு ஒப்பேற்றுவோம். நாலு வரியையும் தமிழில் சொல்லாமல் அந்த ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். செல்வி கையெழுத்துப் போட்டாள். நான் சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

சேலை வந்து சேர்ந்ததும் மேடம் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உத்தரத்தில் முடிச்சுப் போட்ட தடம், நடுவில் துணி மெலிந்து கண்ணுக்கு ஊடாகத் தெரிந்த இடம், பால் காய்ந்த மஞ்சள் வட்டங்கள், பிள்ளையின் கன்னத்து மை, அடுப்புப் புகை, வெள்ளை நூலில் யாரோ போட்ட ஒட்டுத் தையல். எல்லாவற்றையும் படம் வரைந்து நம்பர் போட்டார். கடைசியில், இவர் நிறையப் பேரைத் தூங்க வைத்தவர் என்றார். முந்தானை அழகாகத்தான் இருந்தது, அதை அவர் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. அந்த இரண்டு அறைகளிலும் எங்கள் ஆட்களுடையது என்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நடையே கொஞ்சம் மாறும்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். கேட் காவலாளி கூப்பிட்டு, ஒரு அம்மா உங்களைத் தேடி வந்திருக்கிறார் என்றார். போய்ப் பார்த்தால் செல்வி. ஏழு மாத வயிறு. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"கடைய மூடியாச்சுன்னு சொன்னேன்லக்கா. பின்வாசல் தெறந்து கெடந்திருக்கு."

ரெண்டு பேரும் சிரித்தோம். கேன்டீனில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, சேலையை எடுத்துப் போக வந்தேன் என்றாள். நான் சொன்ன வார்த்தையை அவள் வார்த்தையாகவே எடுத்திருந்தாள். வேறு எப்படி எடுப்பாள்? வேறு பழைய பருத்திச் சேலை வீட்டில் இல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நடுவுல ஒண்ணு பொறந்துச்சுக்கா. வீட்டுக்கே வரல, ரெண்டு நாள்ல போயிருச்சு. இந்தச் சேலையில படுக்காத ஒரே புள்ள அதுதான். இந்த வயசுல இது வேற வந்து நிக்குது. எனக்குப் பயமா இருக்குக்கா."

மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து நேரான பேச்சு வரவில்லை, பாருங்கள்.

மேடம் முழுக்கக் கேட்டார். நீங்கள் அவரிடம் என்ன சொல்லி வாங்கினீர்கள் என்று கேட்டார். மறைக்கவில்லை, சொன்னபடியே சொன்னேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். அவ்வளவுதான் கோபம். ஆனால் அத்தனை வருடத்தில் அந்தப் பென்சில் காதை விட்டு இறங்கி மேசைக்குப் போய் நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னார்: பொய் சொல்லி வாங்கின கையெழுத்து கையெழுத்தில்லை. அவரை உள்ளே கூட்டி வாருங்கள். நாலு வரியையும் தமிழில் வாசியுங்கள், உங்கள் வார்த்தை எதையும் சேர்க்காதீர்கள். அவருக்கு அது சம்மதமில்லையென்றால் சேலையைக் கொண்டு போகட்டும், பல்கலைக்கழகக் கமிட்டிக்கு நான் பதில் சொல்கிறேன்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அவருடைய ஆட்களின் ஜாக்கெட் அறை நிறைய இருக்கிறது, ஒன்று போனால் தெரியாது. எங்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது அவருக்கு லேசு என்று மனதுக்குள் பொரிந்துகொண்டேதான் செல்வியைக் கூட்டி வந்தேன்.

பையை வெளியே வைத்து, வளையலைக் கழற்றி, கையைக் கழுவி உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்தேன். வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக விலக்கினேன். இதுக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டுவிட்டு, நைந்த இடத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். நான் படிவத்தை வாசித்தேன். கடைசி வரியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, மேடம் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் சொன்னேன், நீ முழுசாகக் கொண்டு போகலாம் என்றும் சொன்னேன்.

செல்வி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முழுசா எதுக்குக்கா? ஆளுக்குப் பாதியா எடுத்துக்குவோம்."

அவள் சொன்னது எங்களுக்கு விளங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சேலையின் கரையை எடுத்துப் பல்லில் வைத்து ஒரு கடி. பிறகு ரெண்டு கையாலும் ஒரே இழுப்பு. ஒரு நூல் அறுந்தாலே எழுதி வைக்கும் அறை அது. அந்தச் சத்தம் அதில் எப்படிக் கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது. மேடத்தின் கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது. செல்விக்கு இதில் ஒன்றும் இல்லை, சேலையைக் கிழித்துப் பங்கு போடுவது அவளுக்குச் சோறு பங்கு போடுவது மாதிரி.

"முந்தானப் பக்கம் ஒங்களுக்கு," என்று என்னிடம் நீட்டினாள். "நல்லாருக்குற பக்கம். பாக்க வர்றவங்க பாக்கட்டும்."

நன்றி சொல்ல வாய் தயாராகிவிட்டது. அப்படியே வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கலாம், எல்லாருக்கும் நல்ல பெயர். ஆனால் ஒரு தடவை மரியாதைப் பேச்சால் பட்டது போதும் என்று தோன்றியது.

"எங்களுக்கு ஒங் கையில இருக்குற பக்கந்தான் பெருசு செல்வி. மையும் பாலும் முடிச்சும் எல்லாம் அதுலதான் இருக்கு. எனக்கு அதுதான் வேணும்."

அழுக்கையா கேட்கிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பாதியைச் சுருட்டி வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

"அது தர மாட்டேன்க்கா. அது எம் புள்ளைங்க படுத்தது."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பெண் ஒருத்தி, ஆபீசில் இருக்கும் ஒருவரிடம், முகத்துக்கு நேரே தர மாட்டேன் என்று சொன்னதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பார்ப்போம் என்பார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். கேட்டது கிடைக்காத ஏமாற்றம் எனக்கு இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது. மேடத்துக்குச் சிங்களத்தில் சொன்னேன். "ஹரி," என்றார், சரி என்று அர்த்தம். புதுப் படிவம் எடுத்து, மிஞ்சிய பாதியை அளந்து நீளத்தை எழுதினார். செல்வி கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் போன் அடித்தது. செல்வி. பெண் பிள்ளை, பிறந்து பதினாறு நாளாச்சு என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏன் செல்வி இப்புடி மெதுவாப் பேசுற?"

"தொட்டில்ல தூங்குதுக்கா," என்றாள்.

நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.